சீனியர் (12ஆம் வகுப்பு) பிள்ளைங்களோட பெற்றோர் கவனத்துக்கு: ப்ராம், கிராஜுவேஷன்

வர்ற வெள்ளிக்கிழமை ப்ராம், அதாவது பள்ளி முடிக்கற பிள்ளைங்களுக்கான டான்ஸ் விருந்து. பிள்ளைங்களை 5 மணிக்குள்ள ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. போட்டோ முடிஞ்சதும் பஸ் அங்கிருந்தே கிளம்பும். கையில கட்டிக்கற கார்சாஜ் பூவைக் கிளம்பற வரைக்கும் ஃப்ரிட்ஜ்லயே வைங்க, வெயில்ல நிக்கிற கார்ல வெச்சா வாடிடும். வாடகை கோட் சூட்டை முன்னாடியே போட்டுப் பாக்கச் சொல்லுங்க. பேன்ட் நீளம் சரியா இருந்ததா சரித்திரமே இல்ல!

திரும்பி வர்றதுதான் முக்கியம். நியூ ஜெர்சியில ப்ரொபேஷனரி லைசென்ஸ் (முழு லைசென்ஸுக்கு முன்னாடி தர்ற, கட்டுப்பாடுள்ள லைசென்ஸ்) வெச்சிருக்கற பிள்ளைங்க ராத்திரி 11 மணிக்கு மேல, காலை 5 வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. கூட ஒருத்தரைத்தான் ஏத்தலாம். "ஃப்ரெண்டு இறக்கி விட்டுடுவான்மா"ன்னா நம்பாதீங்க, அந்த ஃப்ரெண்டுகிட்டயும் அநேகமா அதே லைசென்ஸ்தான். பெரியவங்க யாராவது போய்க் கூட்டிட்டு வரணும். வண்டியில இடம் இருக்கறவங்க இங்கயே சொல்லுங்க.

கிராஜுவேஷன் ஜூன் கடைசியில, பள்ளி மைதானத்துல. கவுன் பாலியஸ்டர், சூடான இஸ்திரிப் பெட்டியை வெச்சுடாதீங்க. தொப்பிக் குஞ்சம் முதல்ல வலது பக்கம், டிப்ளமோ வாங்கினதும் இடது. மழை வந்தா ஜிம்முக்குள்ள. அப்ப வீட்டுக்கு ரெண்டு டிக்கெட்தான். ஊர்லேர்ந்து தாத்தா பாட்டி வந்திருக்கற வீடுகள் இருக்கு, மிச்சம் இருக்கறவங்க கொடுத்து உதவுங்க.