முகப்பில் ஒரு கட்டில்

தேவகோட்டை,
ஐப்பசி 20

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. சட்டென்று பதில் எழுத முடியவில்லை. நீ கேட்டிருந்த விஷயம் அப்படி. பங்காளிகள் எல்லாரும் கூடிப் பேசி, ஊரில் பூட்டிக் கிடக்கும் உங்கள் பெரிய வீட்டை ஆஸ்பத்திரியாக்கலாம் என்று முடிவெடுக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஸ்கேன், ஐ.சி.யூ., இருதய டாக்டர் எல்லாம் இங்கேயே வந்துவிட்டால் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை என்று உன் அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தாய். அங்கேதான் எனக்கு வேறு யோசனை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை பரவாயில்லை, ஊரணிக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. தே பிரித்தோ பள்ளிக்கூடம் வழியாகப் போகும்போதெல்லாம் மணி அடிக்கிற சத்தத்துக்கு இன்னமும் கால் தானாக வேகமெடுக்கிறது. உங்கள் வீட்டு முகப்பில் இடது பக்கம் ஓடு சரிந்து ஒழுகுகிறது. வாட்ச்மேனிடம் சொல்லி இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன். தை மாதம் வரும்போது அதை முதலில் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நான் வேலூரில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தேன் அல்லவா? தங்கை வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலில் புண் வைத்துவிட்டது. முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எத்தனையோ டெஸ்ட் எழுதிக் கொடுத்து, பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி, கட்ட வேண்டிய தொகையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தங்கை கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடைக்குக் கிளம்பிய நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பீடி சுற்றும் அம்மாள், "எல்.சி.இ.சி.யூ.வுக்குப் போய்ப் பாரேன்" என்றிருக்கிறாள். வேலூரில் ஏழை எளிய ஜனங்களுக்கு அந்த ஐந்து எழுத்து நன்றாகத் தெரியும். சி.எம்.சி. என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகரத்து ஏழைகளுக்காக 1982-இல் தொடங்கிய சின்ன ஆஸ்பத்திரி அது. குறைந்த செலவில், பலன் தரும் சிகிச்சை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம்.

நான் தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன், அதனால் சொல்கிறேன். அங்கே இருப்பவர்கள் குடும்ப மருத்துவர்கள். இருதயத்துக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளாமல், காய்ச்சலோடு வந்த குழந்தையையும் கர்ப்பிணியையும் இருமுகிற கிழவரையும் ஒரே டாக்டர் பார்க்கிறார். கையால் தொட்டு, கேட்டுப் பார்த்து, தேவை என்றால் மட்டுமே டெஸ்ட். மருந்தும் அவசியமானவை மட்டும், விலை குறைந்த பொது மருந்துகள். பெரிய அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றால்தான் தாய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

மாப்பிள்ளையிடம் அந்த டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "என்ன வேலை பார்க்கிறீங்க, வேலை நேரத்துல கால்ல செருப்பு இருக்குமா?" அவர் பட்டறையில் வெறுங்காலோடு நிற்கிறவர். முந்தைய இடத்தில் யாரும் அதைக் கேட்கவே இல்லை. அப்புறம் வீட்டில் யார் சமைக்கிறார்கள், ரேஷன் அரிசியா, கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிஸ்டர் ஒருவர் தங்கையைத் தனியாக உட்கார வைத்து வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்துப் பில்லைக் குறைத்தார். தங்கைக்கு அதில் தலைகுனிவே இல்லை. ஒரு விரலை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. பாதம் பிழைத்தது. சங்கிலியும் கழுத்திலேயே இருக்கிறது.

இப்படி ஓர் ஆஸ்பத்திரி எப்படி முளைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டு விஷயத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மிஷனரி டாக்டர். அப்பாவும் டாக்டர்தான். ஆனாலும் ஐடாவுக்கு அந்த வாழ்க்கையில் விருப்பமில்லை. படிப்பு முடிந்து, நோயாளியாக இருந்த தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்த சமயம். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். "அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன்" என்று ஐடா சொல்ல, அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூன்று பேருமே திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த ராத்திரிதான் ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பியது.

1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, 1900-இல் வேலூர் வந்தார். வந்த வருஷமே அப்பா இறந்துபோனார். கையில் அனுபவமில்லை, கட்டடமில்லை. வீட்டிலேயே ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில். அவ்வளவுதான். அந்த ஒற்றைக் கட்டிலை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தில் 5,000 பேரைப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான், ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் இறந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி எழும்பியது. அது 1902.

அவர் தன்னைச் சுற்றி முதலில் ஆட்களைத்தான் சேர்த்தார், நண்பா. 1909-இல் நர்ஸ் பயிற்சி. அதே காலத்தில் குடியாத்தம் சாலையில் வாராவாரம் போய் மரத்தடியில் வைத்தியம். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பின்னால் எம்.பி.பி.எஸ். இல்லாமல் நடத்தக் கூடாது என்ற நிலைமை வந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் அமெரிக்கா போய் ஊர் ஊராக நன்கொடை கேட்டிருக்கிறார். ஒரு சபை மட்டும் தாங்க முடியாத பாரம் என்று பல திருச்சபைகள் கைகோத்ததும் அப்போதுதான். 1942-இல் அந்தப் படிப்பு வந்தது, 1947-இல் ஆண்களையும் சேர்த்தார்கள். "ஊழியம் கொள்வதற்கல்ல, ஊழியம் செய்வதற்கே" என்பதுதான் இன்றைக்கும் அவர்கள் கொள்கை வாசகம்.

இந்தியாவில் திறந்த இருதய அறுவைச் சிகிச்சை முதலில் வெற்றியானது அங்கே, 1961-இல். சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையும் 1971-இல் அங்கேதான். பேர் பரவப் பரவ வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக ஜனம் வந்தது. கிராமங்களுக்கென்று பாகாயத்திலும் கே.வி.குப்பத்திலும் திட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் வேலூர் டவுனுக்குள்ளேயே குடிசையில் இருக்கிறவன் அந்தப் பெரிய கேட்டுக்குள் நுழையத் தயங்கினான். செலவு கட்டாது, கூட்டத்தில் எங்கே போவது என்றும் தெரியாது. அவனுக்காகத்தான் 1982-இல் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியைத் தனியாக வைத்தார்கள். அத்தனை உயரத்துக்குப் போன பிறகும், பக்கத்துத் தெருக்காரன் உள்ளே வரவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறார்கள் பார், அது என் மனசைத் தொட்டது.

தெருவைத் தெரிந்து வைத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2002, 2003-இல் பிறந்த வேலூர்க் குடிசைப் பகுதிக் குழந்தைகளை சி.எம்.சி. ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கவனித்தார்கள். அவர்களில் 373 குழந்தைகளை மூன்று வயது முடியும் வரை விடாமல் பார்த்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தொற்று ஒரு குழந்தைக்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று அதில் தெரிந்தது. நம் நாட்டிலேயே தயாரான ரோட்டா தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து இருக்கிறது. உன் பேத்திக்கும் போட்டிருப்பார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரி நமக்கு ஒன்றும் புதிதில்லை. நம் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர் சுவீடன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு உன் ஆத்தாவைக் கண் காட்ட அழைத்துப் போனது உனக்கு நினைவிருக்கும். நாமிருவரும் வாசலில் கடலை மிட்டாய் தின்றுகொண்டு காத்திருந்தோம். உன் ஆத்தா சிவப்பழம். அங்கே ஜெபம் பண்ணினார்கள், ஆத்தா கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார்கள். "சாமி பேரச் சொல்லித்தானே மருந்து போடுது அந்தப் பொண்ணு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

இப்போது நம் ஊரை யோசி. இருதய ஆபரேஷனுக்கு மதுரை போவதை நம்மால் தடுக்க முடியாது. அந்த டாக்டர்கள் இங்கே வந்து தங்கவும் மாட்டார்கள். மிஷினை வாங்கிவிட்டால் அதன் கடனை அடைக்கவே டெஸ்ட் எழுத வேண்டிவரும். பிரஷர், சர்க்கரை மாத்திரையை 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசாங்கமே வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறது. நல்ல காரியம். மிச்சம் இருப்பது என்ன? நம் தெருவில் எத்தனை வீட்டில் ஆச்சி ஒருவரே தனியாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். படுக்கையில் விழுந்தால் புண்ணுக்கு மருந்து கட்ட ஆளில்லை. டியூப் மாற்ற ஆளில்லை. வலி தாங்காத ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர் இல்லை. அந்த வீடுகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கோ, தங்களுக்கு மாதவிடாய்க் கோளாறு என்றால்கூட வெளியில் சொல்ல இடமில்லை. எனக்குத் தோன்றுவது இந்த இரண்டு சாராருக்கும் ஆன ஆஸ்பத்திரி.

உங்கள் வீடே அதற்கென்று கட்டியது போல இருக்கிறது. திண்ணையில் காத்திருக்கலாம். முகப்பில் டாக்டர். உள்முற்றமான வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் முதலில் ஆறு கட்டில் போதும், வெளிச்சமும் காற்றும் முற்றத்திலிருந்தே வரும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் மருந்தும் டிரெஸ்ஸிங்கும். ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும், அதற்கு மட்டும் ஏதாவது செய்தாக வேண்டும். நிலைப்படிகள் உயரம், சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்ட வேண்டும். முதல் செலவு ஆட்களுக்குப் போகட்டும்: ஒரு குடும்ப மருத்துவர், நான்கு சிஸ்டர், வீடு வீடாகப் போகப் பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர். வசதி உள்ளவர்கள் முழுக் கட்டணம் கொடுக்கட்டும், அதில் இல்லாதவர்களைப் பார்க்கலாம். வேலூரில் நடப்பதும் அதுதான். முழுக்க இலவசம் என்று போர்டு போட்டால், நன்கொடை நின்ற அன்றைக்கே கதவும் சாத்திவிடும்.

உன் அண்ணனுக்கு இது சின்னதாகத் தெரியலாம். அவரிடம் கோபிக்காமல் பேசு. முடிந்தால் முடிவெடுக்குமுன் அவரை அழைத்துக்கொண்டு ஒரு நாள் வேலூர் போய், அந்தப் பெஞ்சில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்காருங்கள். நானும் வருகிறேன். தங்கை வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், சோறு அவள் போடுவாள்.

ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல். சாவி என்னிடம்தான் இருக்கிறது. மழை விட்டதும் ஆசாரியைக் கூட்டிப்போய் அறைகளை அளந்து, காகிதத்தில் வரைந்து அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

என்றும் உன்,
பள்ளித் தோழன்