எடைக்குப் போகும் பித்தளையும் பெயர் வெட்டிய குடங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய சாமான் கடைகளில் மலிவாக வாங்கிய பொருட்களைக் கொண்டு வீட்டின் வரவேற்பறையை அழகுபடுத்தலாம் என்று தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் அண்மையில் ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஓய்வுநாட்களில் அதே வேலையாகத் திரிபவன் என்ற முறையில் அதை ஆவலுடன் வாசித்தேன். வாங்கும் முறை, துடைக்கும் முறை, வைக்கும் இடம் எல்லாம் அதில் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் இலங்கை மலையகத்துக் கடையொன்றில் வாங்கும் பொருள் யாருடைய கையிலிருந்து அங்கே வந்தது என்ற கேள்வி அதில் எழவேயில்லை. அந்தக் குறையை நிரப்பவே இக்கடிதம்.

நமது நகரங்களில் பழைய சாமான் கடை என்பது பிரதான வீதியில் கண்ணாடி பதித்து நிற்கும் கடையன்று. ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் பண்டாரவளையிலும் நான் ஏறி இறங்கியவை பெரும்பாலும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்துகளில் இருப்பவை. வாசலில் தராசு, உள்ளே போத்தல் மூட்டை, கடதாசிக் கட்டு, கால் உடைந்த கதிரை, அவற்றுக்கும் பின்னால் கடைக்காரரே மறந்துபோன ஓர் இருட்டு மூலையில் நாம் தேடிப்போன பொருள். கனடாவில் இருக்கும் என் மருமகன், சனிக்கிழமை காலைகளில் வீட்டுக்காரர்கள் தம் வாசலிலேயே பழைய பொருட்களைப் பரப்பி விலை ஒட்டி விற்பார்கள் என்றும், அதற்குக் ‘கராஜ் சேல்’ என்று பெயர் என்றும் சொல்வான். நம்மிடம் அதற்குச் சற்று நெருங்கி வருவது, தோட்டத்து முகாமையாளரான பெரிய துரை மாற்றலாகியோ ஓய்வுபெற்றோ போகும்போது பங்களா முற்றத்தில் நடக்கும் விற்பனைதான். அதற்கும் அறிவித்தல் கிடையாது. பங்களா வேலையாளான அப்புவுக்கு வேண்டியவர்களுக்கு மட்டுமே செய்தி வந்து சேரும்.

இத்தனை பழம்பொருள் இந்தச் சந்துகளுக்கு எப்படி வந்தது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனிகளுக்குச் சொந்தமான தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த காலத்தில், எஞ்சியிருந்த பிரித்தானியத் துரைமார் ஊர் திரும்பினர். அவர்கள் கப்பலில் ஏற்ற விரும்பாத தேநீர்ச் சாடிகளும் கண்ணாடிக் கிண்ணங்களும் தேக்கு அலுமாரிகளும் கைமாறிக் கைமாறி நகரத்துக்கு இறங்கின. அதே ஆண்டுகளில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தும் பொருட்கள் இறங்கிக்கொண்டிருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று தலைக்கணக்குப் பேசி முடித்திருந்தது. அந்தக் கணக்கில் அகப்பட்ட குடும்பங்கள், தலைமன்னாருக்கு ரயிலேறும் முன் கொண்டுபோக இயலாதவற்றை அயலவருக்குக் கொடுத்தன. கொடுக்க மனமில்லாதவற்றை விற்றன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு, மிச்சமிருந்தவர்களின் பித்தளையையும் மாவுக்கு விலையாக்கிவிட்டது. துரைசாணியின் பீங்கான் கோப்பையும், அந்தக் கோப்பைக்குள் போன தேயிலையின் கொழுந்தைப் பறித்தவளின் தண்ணீர்க் குடமும் இன்று ஒரே தட்டில் அருகருகே தூசி படிந்து இருப்பதன் காரணம் இதுவே.

பங்களாப் பொருளை இனங்காண்பது அவ்வளவு கடினமன்று. வெள்ளியென்று சொல்லி விற்கப்படும் கரண்டியின் பின்புறத்தில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது நிக்கல் கலப்புலோகத்தின் மேல் வெள்ளி முலாம் பூசியது. வெள்ளி விலை கொடுக்க வேண்டியதில்லை. நடந்து செல்லும் சிங்கத்தின் சிறு முத்திரை இருந்தால் அது ஆங்கிலேய நியமத்தின்படி 92.5 வீதம் வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பேர்மிங்காமிலும், 1974க்கு முற்பட்ட பொருளில் கிரீடம் இருந்தால் ஷெபீல்டிலும் சோதித்து முத்திரையிடப்பட்டது என்று பொருள். பீங்கானின் அடியில் ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது, ஏனெனில் அமெரிக்கா தன் துறைமுகத்துக்கு வரும் பொருட்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் கட்டாயமாக்கியது. பித்தளை என்று சொல்லி இரும்பின் மேல் முலாம் பூசியதை விற்பவரிடம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து வைத்தால் போதும், பேரம் தானாக இறங்கிவிடும். இதைச் சற்றுக் குறும்போடு பல கடைகளில் செய்து பார்த்திருக்கிறேன்.

தேயிலைப் பெட்டிகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்புகளில் தகரப் பட்டி அடித்து, உள்ளே உலோகத் தாள் ஒட்டிய அந்தப் பெட்டிகள், தடித்த கடதாசிச் சாக்குகள் வந்தபின் வழக்கொழிந்தன. இப்போது அவற்றைக் கவிழ்த்து மெருகேற்றி, மேலே கண்ணாடி வைத்துச் சிறு மேசையாக விற்கிறார்கள். வாங்குபவர்கள் செய்யும் முதல் வேலை, பக்கப்பலகையில் கறுப்பு மையால் அடித்திருக்கும் எழுத்துகளை உரசி எடுப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த எழுத்துகளில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, ‘பி.ஓ.பி.’ என்றோ ‘பெகோ’ என்றோ தேயிலையின் தரம் இருக்கிறது, மொத்த எடையும் நிகர எடையும் இருக்கின்றன. எடை இறாத்தலில் இருக்கிறதா, கிலோவில் இருக்கிறதா என்று பார்த்தாலே அது எழுபதுகளின் மாற்றத்துக்கு முற்பட்டதா பிற்பட்டதா என்று ஊகிக்கலாம். இங்கிலாந்தில் வீடு மாறுகிறவர்கள் பீங்கான் பாத்திரங்களைப் பொதிசெய்ய நெடுங்காலம் பயன்படுத்தியவையும் இந்தப் பெட்டிகளே. நம் தோட்டங்களின் பெயர்கள், அங்கிருந்து போனவர்கள் ஒருவரும் கேள்விப்படாத தெருக்களில் படியேறி இறங்கியிருக்கின்றன.

லயத்துப் பொருளுக்கு முத்திரையுமில்லை, வழிகாட்டி நூலுமில்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது தவறு. பித்தளைக் குடத்தின் கழுத்தையும், செம்பின் வாய்விளிம்பையும், குத்துவிளக்கின் பாதத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாத்திரக் கடையில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரெழுத்துகள் தெரியும். சீதனமாகக் கொடுத்தவரின் பெயர், பெற்றவளின் பெயர், சிலவற்றில் ஆண்டு, அரிதாக ஓர் ஊர். திருச்சிராப்பள்ளியையும் புதுக்கோட்டையையும் அண்டிய ஊர்ப் பெயர்களை நானே வாசித்திருக்கிறேன். தமிழ் தெரியாத கடைக்காரருக்கு இது கீறல். தமிழ் தெரிந்த சில கடைக்காரருக்கோ, வருத்தத்துடன் சொல்கிறேன், இது குறை. வேறொருவர் பெயருள்ள பொருளை வாங்கி வீட்டில் வைக்கப் பலர் தயங்குவதால், பெயருள்ள பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். ஒரு கடையில் அரம் கொண்டு பெயரை ராவிக்கொண்டிருந்த பையனிடமிருந்து குடத்தை அப்படியே பறிக்காத குறையாக வாங்கிவந்தேன். முதல் இரண்டு எழுத்துகள் போய்விட்டிருந்தன.

எனக்கு இதில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் தாயாருக்குச் சீராக வந்த குடம் ஒன்று எங்கள் லயக் காம்பராவில் இருந்தது. 1974இல் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தபோது அதன் இடத்தில் ஓர் அலுமினியக் குடம் இருந்தது. அன்றிரவு ரொட்டியும் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கியவரை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் எடைக்கு விலை கொடுத்தார், எங்களுக்கு அன்று எடைதான் தேவைப்பட்டது. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் குடங்களின் கழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

வீட்டில் தேவை வந்தால் விற்கத்தான் வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விளக்கையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாரம்பரியம் பற்றிப் பாடம் நடத்த எனக்கு உரிமையில்லை. என் வேண்டுகோள் சிறியது. தராசில் வைக்கும் முன், கைத்தொலைபேசியில் ஒரு படமும், பொருளில் வெட்டியிருக்கும் பெயரின் ஒரு படமும் எடுத்து வையுங்கள். விளக்கை எடைக்குக் கொடாமல் பொருளாகக் கொடுக்க முயலுங்கள், ஏனெனில் உருக்குகிறவர் தரும் விலைக்கும் அலங்காரமாக விற்கிறவர் பெறும் விலைக்கும் உள்ள இடைவெளி முழுவதும் இன்று இடைத்தரகரிடமே நின்றுவிடுகிறது. வாங்குகிறவர்களும், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, விடையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பொருளின் உள்ளே போட்டு வைக்கட்டும். பித்தளையைக் கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்க்க வேண்டாம். புளியும் சாம்பலும் மாறி மாறிப் பட்டால் வெட்டிய புள்ளிகள் மழுங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்து நன்கு உலர்த்தினாலே போதும், நமது பனிக்கும் மழைக்கும் அதுவே பெரிய காரியம்.

உல்லாச விடுதிகள் பற்றியும் ஒரு சொல். பழைய பங்களாக்களை விடுதியாக்கியவர்கள் இப்பொருட்களை நல்ல விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றுகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அத்தகைய ஒரு விடுதியின் முன்கூடத்தில், கொழுந்து நிறுக்கும், பித்தளை முகப்புடைய சால்ட்டர் வில்தராசு ஒன்றைத் தொங்கவிட்டு அதன் கொக்கியில் பிளாஸ்டிக் பூங்கொத்து மாட்டியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. கூடைக்கு இத்தனை இறாத்தல், ஈரத்துக்கு இத்தனை இறாத்தல் என்று கழித்தபின் மிஞ்சியதற்குப் பேர், அதாவது நாட்சம்பளம், விழுந்த காலத்தை அறிந்த ஒரு பெண்மணி அங்கே வந்திருந்தால் பூங்கொத்தைப் பார்த்திருக்க மாட்டார், முள் எங்கே நிற்கிறது என்று பார்த்திருப்பார். தராசுக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு அட்டை வைப்பது எந்த விடுதிக்கும் பெருஞ்செலவன்று.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் இயலாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொன்மைக்கு எல்லையாகக் கொண்ட நாள் 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தத்தின் திகதி. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதும், அவற்றில் உழைக்க நம் முன்னோர் மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்ததும் 1820களிலும் அதன் பின்னரும்தான். ஆகவே அவர்கள் தலையில் சுமந்து வந்த செம்பு எத்தனை தலைமுறை பழையதானாலும் அந்த எல்லைக்கு இப்பாலேயே நின்றுவிடுகிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் பழைய இயந்திரங்களை அக்கறையுடன் காத்து வருகிறது. கம்பளைக்கு அப்பால் பழைய லயமொன்றிலேயே தொழிலாளருக்கான அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இயங்குகின்றன. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியும் தப்பும் உடுக்கும் காட்சிப்பொருளாக மதிக்கப்படும் இடம் அது. பிள்ளைகளை நுவரெலியாவுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் வழியில் அங்கே ஒரு மணி நேரம் நின்று செல்லலாம். ஆனால் ஒவ்வொரு குடத்தையும் அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் பொருள் வீட்டிலேயே இருக்கட்டும், அதன் விவரம் மட்டும் பொதுவில் பதிவாகட்டும்.

இங்கேதான் தங்கள் உதவியைக் கோருகிறேன். வாரத்துக்கு ஒரு முறை, பத்திரிகையின் ஒரு மூலையில், வாசகர் ஒருவர் வீட்டிலோ பழைய கடையிலோ கண்ட ஒரு பொருளின் படத்தையும், அது எந்தத் தோட்டம், எந்தக் காலம், எப்படிக் கைமாறியது என்ற நான்கைந்து வரிகளையும் வெளியிட இடம் ஒதுக்குவீர்களா? விலை விவரம் வேண்டாம். விலையைப் போட்டால் அது வியாபாரப் பக்கமாகிவிடும், தரகர்கள்தான் முதலில் வாசிப்பார்கள்.

இடம் ஒதுக்குவதானால் முதல் வாரத்துக்கு என்னிடம் ஒரு பொருள் தயாராக உண்டு. பண்டாரவளைக் கடையொன்றில் ஆணி, வாஷர், திருகாணி எல்லாம் கலந்து கிடந்த ஒரு பால்மா டின்னை மொத்தமாக 200 ரூபாவுக்கு வாங்கியபோது, அதன் அடியிலிருந்து ஒரு வட்டத் தகரம் கிடைத்தது. கடைக்காரரும் அதை வாஷர் என்றே நினைத்திருந்தார். மேலே கயிறு கோக்க ஒரு துளை, நடுவே ஓர் ஆங்கில எழுத்து, கீழே ஓர் எண். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தமிழகத்திலிருந்து புறப்படும் ஒவ்வொருவரும் எந்த மாவட்டத்தின் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று காட்டுவதற்காகக் கழுத்தில் கட்டி அனுப்பப்பட்ட தகரத்துண்டு அது. அதைச் சட்டமிட்டு மாட்டலாம் என்றார் மகள்; இதுவரை மனம் வரவில்லை, ஒரு சிறு பெட்டியில் பஞ்சு வைத்து வைத்திருக்கிறேன். தம் வீட்டு ரங்குப் பெட்டிகளின் அடியில் இப்படி ஒன்று கிடப்பதை அறிந்த வாசகர்கள், அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும், தம் குடும்பம் முதலில் பேர் பதிந்த தோட்டத்தின் பெயரையும் தங்கள் முகவரிக்கு எழுதி அனுப்பினால், இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
டிக்கோயா.