கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டட்டுமா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வந்த உங்கள் சுகாதாரப் பக்கத்தில் மஞ்சள் பெட்டிக்குள் தடித்த எழுத்தில் ஒரு வசனம் போட்டிருந்தீர்கள்: "பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் கன்னம் வீங்கினால் அது தடுப்பூசி போடாத தாய்மாரின் கவனயீனம்." கட்டுரையை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. பெட்டியை மட்டும் ஊரே வாசித்துவிட்டது. திங்கள் காலை மகனைக் கொண்டுபோய் விட்டபோது, முன்பள்ளி அறிவித்தல் பலகையில் அதை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆசிரியை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

என் மகனுக்கு ஐந்து வயது. கூகைக்கட்டுக்கும் சேர்த்துப் போடுகிற எம்.எம்.ஆர். ஊசி ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. 2011 இலிருந்து இந்த நாட்டில் போடுகிற ஊசி, நான் ஒன்றும் ஒளித்துவைக்கவில்லை. இரண்டாவது ஊசிக்குப் போன அன்று நல்ல மழை. கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். நான் நனைந்தேன், கொப்பி நனையவில்லை. திகதி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கந்தோருக்குக் கொண்டுவந்து காட்டட்டுமா?

முதல் வீக்கம் மூன்றரை வயதில், இடது பக்கம். புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மத்தியானத்துக்குள் காதுச்சோணை தூக்கிக்கொண்டு நின்றது. காய்ச்சலும் கூட. கூகைக்கட்டு என்றார்கள். சரி என்று ஏற்றுக்கொண்டோம். மாமி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். ஐந்து நாளில் வற்றியது. நாலு மாதத்தில் அதே பக்கம் திரும்ப வந்தது. அடுத்தது வலது பக்கம். ஒருவர் "திரும்பவும் கூகைக்கட்டுத்தான்" என்றார். கூகைக்கட்டு ஒருதரம் வந்தால் பொதுவாக மறுபடி வராது என்று என் அம்மம்மாவுக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இன்னொருவர் சூத்தைப்பல் என்றார். ஆளுக்கொரு அன்ரிபயோட்டிக் வேறு.

ஐந்தாவது தடவைதான் ஒரு குழந்தை வைத்திய நிபுணர் மகனை வாய் திறக்கச் சொன்னார். மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே, கன்னத்தின் உட்பக்கம் ரோச் அடித்துக்கொண்டு, வெளியிலிருந்து விரலால் மெல்ல அமத்தினார். அங்கே இருக்கிற ஊசிமுனைத் துவாரத்தால் திரைந்த பால் மாதிரி வெள்ளையாக எச்சில் வந்தது. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஸ்கானில் காதடி உமிழ்நீர்ச் சுரப்பி முழுக்கக் கறுப்புப் பொட்டுகள். எதிர்ப்புச் சக்தியில் குறை ஏதும் இருக்கிறதா என்று இரத்தமும் சோதித்தார், இல்லை.

பிறகுதான் விளங்கப்படுத்தினார். உமிழ்நீர்ச் சுரப்பியில் திரும்பத் திரும்ப வருகிற அழற்சியாம். பிள்ளைகளுக்கு வருகிற உமிழ்நீர்ச் சுரப்பி வருத்தங்களில் கூகைக்கட்டுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அநேகமாக மூன்றுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கும், பெடியன்களுக்குக் கொஞ்சம் கூட. தொற்றாது. ஏன் வருகிறது என்று இன்னும் திட்டமாகக் கண்டுபிடிக்கவில்லை. பெரிய பிள்ளையாகும்போது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். தாயின் கவனயீனம் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறந்திருப்பார்.

வீங்குகிற நாட்களில் பனடோலும் நிறையத் தண்ணீரும் இளஞ்சூட்டு ஒத்தடமும். காதடியிலிருந்து வாய்ப்பக்கமாக நீவிவிட வேண்டும். எச்சில் ஊறுவதற்குப் புளிப்பாக ஏதாவது கொடுக்கச் சொன்னார். அதற்கென்றே வீட்டில் ஒரு போத்தல் தோடம்பழ இனிப்பு இருக்கிறது. "எனக்கு எப்ப வீங்கும்?" என்று மூத்தவள் கேட்கிறாள்.

தொற்றாத வருத்தத்துக்காக என் பிள்ளை இதுவரை மூன்று பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்குப் போகவில்லை. அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் பெட்டிக்குப் பிறகு இனி ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் நாங்கள் ஒதுங்கி நிற்க வேண்டிவரும்.

எல்லாவற்றுக்கும் தாய்தானே ஐயா. டெங்கு வந்தால் தாய் பூச்சாடித் தண்ணீரை ஊற்றவில்லை. புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டாவிட்டால் தாய் நாடகம் பார்த்தாள். உங்கள் பத்திரிகையில் பத்து வருடமாக இதைத்தான் வாசிக்கிறேன். தகப்பன்மார் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்? மரண அறிவித்தலில் மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. கட்டுரை முழுக்கக் கூகைக்கட்டைப் "பொன்னுக்கு வீங்கி" என்று எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? எந்தத் தமிழ்நாட்டுச் சஞ்சிகையிலிருந்து இறக்கினீர்கள் என்று நான் கேட்கமாட்டேன், மரியாதை இல்லை. ஆனால் அதே பக்கத்தின் அடியில் உயரம் வளர மருந்து விளம்பரம் போட்டுவிட்டு, மேலே எங்களுக்குச் சுகாதாரம் படிப்பிக்கிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

போன வருடம் பஸ் நிலைய மலசலகூடம் பற்றி நான் எழுதிய கடிதத்தில் "நன்றி" என்ற சொல்லைத் தவிர மிச்சமெல்லாம் வெட்டுப்பட்டிருந்தது. இந்தத் தடவையும் வெட்டுவீர்கள். வெட்டுங்கள். நான் கேட்பது இரண்டு வரிதான்: "திரும்பத் திரும்ப வருகிற கன்ன வீக்கம் எல்லாமே கூகைக்கட்டு அல்ல. ஊசி போட்ட பிள்ளைக்கும் வரும், வைத்தியரிடம் காட்டுங்கள்." அதே மஞ்சள் பெட்டி, அதே தடித்த எழுத்து. சின்ன எழுத்தில் போட்டால் முன்பள்ளிப் பலகையில் தூரத்துக்குத் தெரியாது. வெட்டி ஒட்டுகிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், கம் போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கவனயீனமான ஒரு தாய்,
கோண்டாவில்.