பாட்டு கிடைக்கிறது, நடுவில் பேசியவர்கள்தான் கிடைக்கவில்லை: இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு ஒரு திறந்த மடல்

கூட்டுத்தாபனத்தின் தலைவர், பணிப்பாளர் நாயகம், இசைத்தட்டு நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை வானொலி என்றதும் தமிழர்கள் அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனத்தைப் பற்றியும் கே.எஸ். ராஜாவைப் பற்றியும் அப்துல் ஹமீதைப் பற்றியும் எழுதுவார்கள். இந்தி நேயர்களுக்கு 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சியும் அதை நடத்திய அமீன் சயானியும் போதும். அந்த ஞாபகங்களுக்கெல்லாம் ஆள் இருக்கிறது. உங்கள் ஆங்கில வர்த்தக சேவையை நினைத்து எழுத ஆள் குறைவு. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் சென்னை, திருச்சி, யாழ்ப்பாணம் என்று சிதறிக் கிடக்கும் சில பேர். 60களின் ராக் இசை மேல் பைத்தியம். பாதிப் பேருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மீதிப் பேர் அவர்கள் சொல்லக் கேட்டு இதில் விழுந்தவர்கள். நான் அந்த ரகம். ஒன்றுகூடினால் ஷேடோஸ் குழு பெரிதா வென்ச்சர்ஸ் குழு பெரிதா என்று சண்டை வரும். கிங்க்ஸ் குழுவுக்குக் கிடைக்கவேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்று ஒருவர் ஒவ்வொரு முறையும் புலம்புவார். ஆனால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் உங்கள் கட்டடத்துக்கு வந்துதான் நிற்கும். ஏனென்றால் எங்கள் மூத்தவர்கள் இந்தப் பாட்டுகளை முதலில் கேட்டது உங்கள் சிற்றலையில்.

அந்தக் காலத்து நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கே கதவைச் சாத்தியவர். அங்கே மேல்நாட்டுப் பாப் இசைக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். வெளிநாட்டு இசைத்தட்டு வாங்க எல்லோரிடமும் காசு ஏது? மிச்சம் இருந்தது ரேடியோ சிலோன், அதாவது உங்கள் நிலையத்தின் அந்தக் காலத்துப் பெயர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது பிரிட்டிஷ் ராணுவம் நடத்திய ரேடியோ சீயாக் என்ற நிலையம். ஏக்கலையில் நின்ற 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ராணுவம் விட்டுப்போன சொத்து. படைவீரர்களுக்காக வைத்ததை, 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை அடுத்த பத்து வருடங்களில் தெற்காசியா முழுக்கப் பாட்டுப் போடும் கருவியாக்கிவிட்டது. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டாடுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. திருச்சிப் பையன் ஒருவன் எலெக்ட்ரிக் கிட்டார் என்ற சத்தத்தை முதன்முதலில் கேட்டது அந்த வழியில்தான்.

அந்தப் பையன் இப்போது எங்கள் குழுவில் மூத்தவர். அண்ணன் என்போம். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ரேடியோவில் பாட்டு ஓட ஓடப் பென்சிலில் வரிகளை எழுதிக்கொண்ட நோட்டு. சிற்றலை நிலையாக நிற்காதே, நாலு வரி தெளிவாக வரும், அப்புறம் இரைச்சலில் முங்கிவிடும். முங்கிய இடத்தில் இரண்டு வரிக்கு இடம் விட்டு, ஓரத்தில் "அலை போச்சு" என்று தமிழில் எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் அதே பாட்டு வந்தால் அந்த இடத்தை நிரப்புவார். சில பாட்டுகளுக்கு அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. போனில் தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும் வரிகள்தான், மனிதர் எழுதமாட்டேன் என்கிறார்.

இன்னொருவர் வீட்டில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது. மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ரேடியோவின் முன்னால் ஸ்டூல் போட்டு மைக்கை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். டேப் விலை அதிகம் என்பதால் ஒரு சிக்கனம்: அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் நிறுத்திவிட வேண்டும். அந்த டேப்பைப் போன வருடம் ஓடவிட்டுக் கேட்டோம். பாட்டு, டக்கென்று ஒரு சத்தம், பாதி வார்த்தை பேசும் ஒரு குரல், மறுபடி டக், அடுத்த பாட்டு. அந்தப் பாட்டுகள் எல்லாமே இன்று சுத்தமான ஒலியில் கிடைக்கின்றன. டேப்பில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தப் பாதி வார்த்தைகளைத்தான். உங்கள் ஆங்கில அறிவிப்பாளர்களில் வேர்னன் கொரெயாவா, ஜிம்மி பரூச்சாவா என்று அரைமணி நேரம் வாக்குவாதம். முடிவு தெரியவில்லை.

எங்கள் வேண்டுகோளும் இதுதான். பாட்டுகளை உங்களிடம் கேட்கவில்லை. அவற்றின் உரிமை வேறு யாரிடமோ இருக்கிறது, அது தனி வழக்கு. பாட்டுக்கு நடுவில் நீங்கள் சொந்தமாகச் செய்தவை வேண்டும்: அறிவிப்பாளர்களின் குரல், வாசித்த நேயர் கடிதங்கள், எந்த நாளில் எந்தப் பாட்டைப் போட்டீர்கள் என்ற பதிவேடு, உங்கள் ஸ்டூடியோவில் உள்ளூர்க் குழுக்கள் வாசித்த டேப்புகள். இவற்றில் என்னென்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். ஒலியே வேண்டாம், முதலில் பட்டியல் போதும்.

உள்ளூர்க் குழுக்கள் என்று சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொரெயாவின் சாட்டர்டே ஸ்டார் நிகழ்ச்சி வழியாகத்தானே கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலெவனவும் இருந்த மூன்ஸ்டோன்ஸ் குழு வெளிச்சத்துக்கு வந்தது! சிங்களப் பாட்டில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் கிளாரன்ஸ். மிக்னோன் பெர்னாண்டோவின் ஜெட்லைனர்ஸ் குழு கொழும்பைக் கலக்கியதும் அதே காலம். பீட்டில்ஸ் பிறந்த லிவர்பூலில் என்ன நடந்தது என்று எழுத நூறு பேர் இருக்கிறார்கள். கொழும்பில் என்ன நடந்தது என்பதற்கு உங்கள் அலமாரியைத்தான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், பிபிசி பட்ட பாட்டைப் பாருங்கள். இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் இருந்த ஒப்பந்தத்தால், அங்கே இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்துக்கு வரம்பு இருந்தது. அதனால் குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து வாசிக்கவைத்தார்கள். பீட்டில்ஸ் மட்டும் 1962 முதல் 1965 வரை 52 நிகழ்ச்சிகளில் 88 பாடல்களைப் பாடினார்கள். திரும்பப் பாடியதையும் சேர்த்தால் 275 முறை. அந்த டேப்புகளில் பெரும்பகுதியை பிபிசி பாதுகாக்கவில்லை. 1994இல் அதிலிருந்து ஆல்பம் போட நினைத்தபோது, சில பாட்டுகளுக்கு யாரோ ஒரு நேயர் வீட்டு ரேடியோவிலிருந்து பிடித்த டேப்பே கதி என்றாயிற்று. லெட் செப்பெலின் குழுவின் கதை இன்னும் மோசம். 1969 மார்ச்சில் பிபிசியின் உலகசேவையில் அலெக்சிஸ் கார்னர் நடத்திய நிகழ்ச்சிக்கு மூன்று பாட்டு வாசித்தார்கள். அதில் சன்ஷைன் உமன் என்ற பாட்டு அவர்களுடைய எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் வராதது. பிபிசியிடம் டேப் இல்லை. ஒரு ரசிகர் ரேடியோவிலிருந்து பிடித்து வைத்திருந்ததால்தான் 2016இல் அது வெளியே வந்தது. ஒலி கரகரவென்றுதான் இருக்கிறது, இருந்தாலும் இருக்கிறதே!

பிபிசிக்குக் கை கொடுத்த இன்னொன்று, நிகழ்ச்சிகளை முழுதாகப் பதிந்து வெளிநாட்டு நிலையங்களுக்கு அது அனுப்பிய டிரான்ஸ்கிரிப்ஷன் இசைத்தட்டுகள். 1964 முதல் பிரையன் மேத்யூ பேசி, குழுக்கள் வாசித்து வாரம்தோறும் போன பாப் நிகழ்ச்சி அதில் ஒன்று. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் தட்டுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நல்லவேளை, பல ஊர்களில் விதியை யாரும் மதிக்கவில்லை. உங்கள் நூலகத்திலும் அப்படி யாராவது விதியை மறந்திருந்தால், அவருக்கு எங்கள் சார்பில் ஒரு கும்பிடு. தயவுசெய்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அவசரம் ஏன் என்றால், டேப் காத்திருக்காது. பழைய அசிடேட் டேப் கெட்டுப்போகத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும், அப்புறம் சுருண்டு உடைய ஆரம்பிக்கும். கொழும்பின் ஈரப்பதத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆட்களும் அப்படித்தான். வேர்னன் கொரெயா பிற்பாடு லண்டன் போய் பிபிசியிலேயே நிகழ்ச்சி நடத்தினார், 2002இல் காலமானார். அவரோடு வேலை செய்தவர்கள், பதிவேட்டின் கையெழுத்தைப் பார்த்தே இது இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள், இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள்.

கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஆட்கள் இல்லை நாங்கள். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம்செய்து டிஜிட்டலுக்கு மாற்றத் தெரிந்த இரண்டு பேர் எங்களில் இருக்கிறார்கள். பதிவேடுகளைத் தட்டச்சு செய்யப் பலர் தயார். அண்ணனின் நோட்டின் நகலும், அந்தச் சிங்கப்பூர் மாமா டேப்பும் உங்களுக்கே. டக், டக் என்று பாதி வார்த்தை பேசுவது யார் என்று உங்கள் பழைய ஊழியர் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால், இங்கே ஒரு வழக்கு தீரும். யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயரும், எந்த அறை என்று ஒரு எண்ணும் சொல்லுங்கள். டேப்பைத் தூக்கிக்கொண்டு சுதந்திர சதுக்கத்துக்கு நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஆங்கில சேவையின் தமிழ் நேயர்கள் சிலர்