இரண்டு நாளும் கண்ணன் பிறந்த நாளே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோகுலாஷ்டமி நெருங்கினாலே ‘பஞ்சாங்கக் குழப்பம்: பண்டிகை எந்த நாளில்?’ என்ற செய்தி ஆண்டுதோறும் தங்கள் இதழில் வந்துவிடுகிறது. ‘குழப்பம்’ என்ற அந்தச் சொல்லை இனி தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பிறந்தது, சிவன், திருமால் என எல்லாத் தெய்வங்களையும் வழிபடும் ஸ்மார்த்தக் குடும்பத்தில். தேய்பிறை அஷ்டமி நள்ளிரவில் நிற்கும் நாள்தான் எங்களுக்குக் கண்ணன் பிறந்த நாள். வாழ்க்கைப்பட்டதோ வைணவக் குடும்பத்தில். அவர்கள் ஆவணி மாதத்து ரோகிணியைக் கொண்டு ஸ்ரீஜயந்தி கொண்டாடுபவர்கள். சூரியனிலிருந்து சந்திரன் விலகி நிற்கும் தூரத்தைக் கொண்டு திதியும், சந்திரன் நிற்கும் இடத்தைக் கொண்டு நட்சத்திரமும் கணிக்கப்படுவதால் இரண்டும் எல்லா ஆண்டும் ஒரே நாளில் கூடிவருவதில்லை. 2025-இல் அரசு விடுமுறை விட்ட ஆகஸ்ட் 16, ஆடி 31 ஆக இருந்தது. மறுநாள்தான் ஆவணியே பிறந்தது என்பதால் எங்கள் வீட்டில் செப்டம்பர் நடுப்பகுதி வரை காத்திருந்தோம். யாருடைய கணக்கும் இதில் பிசகவில்லை.

மணமான முதல் ஆண்டு, அஷ்டமியன்று அம்மா கொடுத்தனுப்பிய சீடையைப் புகுந்த வீட்டில் ஒருவரும் தொடவில்லை. என் முகம் வாடியதைப் பார்த்த மாமியார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணன் அத்தத்தின் (அஸ்த நட்சத்திரத்தின்) பத்தாம் நாள் தோன்றியதாகப் பெரியாழ்வார் பாடியிருப்பதைச் சொன்னார். அத்தம், உத்திரம், பூரம், மகம், ஆயில்யம், பூசம், புனர்பூசம், திருவாதிரை, மிருகசீரிடம் என்று விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணிவந்து, பத்தாவது விரலை மடக்கி, ‘ரோகிணி’ என்றார். அதே அத்தத்திலிருந்து முன்னோக்கி எண்ணினால் பத்தாவதாகத் திருவோணம் வரும். பிள்ளை பிறந்த நட்சத்திரம் கம்சன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று ஆழ்வார் அதை இப்படி மறைத்துச் சொன்னார் என்பது பெரியோர் கூறும் விளக்கம். தாயின் பதைப்போடு ஒருவர் பொத்திவைத்த நாளை முன்னிட்டு இன்று வாட்ஸ்அப் குழுக்களில் ‘உங்கள் தேதி தவறு’ என்று உறவினர்களே சண்டையிட்டுக்கொள்வதைக் காணும்போது மிகவும் வேதனையாக இருக்கிறது. செய்தித்தாளில் வந்த தலைப்பைத்தான் இரு தரப்பாரும் சான்றாகக் காட்டுகிறார்கள்.

இரண்டு நாள்களும் அடுத்தடுத்து வரும் ஆண்டுகளில், அம்மா வீட்டுப் பழக்கத்தை விடாமல் அஷ்டமியன்றே வாசலிலிருந்து பூஜை அறை வரை மாக்கோலத்தில் சின்னப் பாதங்களைப் போட்டுவிடுவேன். மறுநாள் மாமியார் அவற்றை அழிக்கச் சொன்னதில்லை. மிதிபட்டு மங்கிய இடங்களில் மட்டும் மாவைத் தொட்டு விரல்களைத் திரும்ப வைத்துக்கொண்டே போவார்.

ஆகவே, இந்த ஆண்டு முதல் தங்கள் பண்டிகைப் பகுதியில் கோகுலாஷ்டமி, ஸ்ரீஜயந்தி ஆகிய இரு பெயர்களையும் தனித்தனித் தேதிகளோடு, ஒன்று திதியைக் கொண்டது, மற்றது நட்சத்திரத்தைக் கொண்டது என்ற ஒரு வரி விளக்கத்துடன் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.