அரசாணிக்காய்த் தண்ணீரும் ஓட்ஸ் குக்கீயும்: அம்முணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்முணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அனுப்பிய பூசணி ஓட்ஸ் குக்கீயின் படத்தைப் பார்த்தேன். தட்டில் இருந்த பதினாறும் மேலே உப்பி, நடுவே மெத்தென்று, ஓரத்தில் ஒரு பொட்டுக்கூடச் சிவக்காமல், குக்கீ என்று சொல்லிக்கொண்ட குட்டிப் பன்களாக இருந்தன. "செய்முறையில போட்டிருந்தபடியேதானுங்ணா செஞ்சேன், எங்கே தப்பு?" என்று கேட்டிருந்தாய். ஒவ்வோர் அக்டோபரிலும் இங்கே அமெரிக்காவில், பியோரியாவில் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேராவது இதையே கேட்கிறார்கள் என்பதால், பதிலை உனக்கு எழுதினாலும் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தப்பு உன்னுடையது அன்று, தண்ணீருடையது. பூசணி விழுதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். குக்கீ என்பது மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் உருகிப் பரவி, ஓரம் முறுகி, நடுவில் சற்றே சவ்வாக நிற்க வேண்டிய பண்டம். அதில் தண்ணீர் மிகுந்தால் மாவு பரவுவதற்கு முன்பே வெந்து இறுகிவிடுகிறது. உள்ளே கிளம்பும் ஆவி அதைத் தூக்கி உப்பவைக்கிறது. மேற்பரப்பு ஈரமாகவே இருப்பதால் சிவப்பதும் இல்லை. முட்டை முழுவதையும் சேர்த்துவிட்டால் அதன் வெள்ளைக்கரு இந்த வேலையை இன்னும் கச்சிதமாக முடித்துவிடும். கேக் வேண்டுமென்றால் அதுவே சரியான வழி. குக்கீ வேண்டுமென்றால் தண்ணீரை வெளியேற்றுவது ஒன்றுதான் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் எந்தப் பூசணி என்பதைப் பார்ப்போம். கடையில் ஒரே அலமாரியில் அருகருகே இரண்டு வகை டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் வெறும் பூசணி விழுது. மற்றொன்று, பை (pie) என்ற இனிப்புப் பண்டத்துக்காகச் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்த பை மிக்ஸ். படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படித்து, சேர்மானத்தில் பூசணி என்ற ஒரே சொல் மட்டும் இருக்கும் 425 கிராம் டப்பாவை எடு. நீ இருக்கும் புளூமிங்டனிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய மார்ட்டன் ஊரில்தான் பூசணியை டப்பாவில் அடைக்கும் லிப்பீஸ் தொழிற்சாலை இருக்கிறது. உலகின் பூசணித் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அந்த ஊரில் செப்டம்பர்தோறும் பூசணித் திருவிழாவும் நடக்கும். இந்த நாட்டில் டப்பாவில் அடைக்கப்படும் பூசணியில் மிகப் பெரும் பகுதி நம் இல்லினாய் வயல்களில் விளைவதுதான். அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் காரில் போனால், கொடி காய்ந்து சருகான பிறகு வெறும் மண்ணின் மேல் நீள்வட்டமாய், மங்கிய சந்தன நிறத்தில் காய்கள் கிடப்பதைப் பார்க்கலாம். வாசற்படியில் வைக்கிற ஆரஞ்சுப் பூசணியின் சாயலே அவற்றில் இருக்காது.

அந்தக் காயின் பெயர் டிக்கின்சன். அது நாம் ஊரில் அரசாணிக்காய் என்றும், மற்ற ஊர்க்காரர்கள் பரங்கிக்காய் என்றும் சொல்கிறோமே, அதே இனத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் குகர்பிட்டா மாஸ்கேட்டா. சின்னம்மா பொரியலுக்கு நறுக்கும்போது கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டுகிற, நாரில்லாத, கெட்டியான, இனிப்பான சதையை நினைத்துக்கொள். ஹாலோவீனுக்குக் கண்ணும் பல்லும் செதுக்குகிற ஆரஞ்சுப் பூசணியோ குகர்பிட்டா பெப்போ என்ற வேறு இனம். பார்வைக்காகவே வளர்க்கப்படுவது, சதை மெல்லியது, நாரும் தண்ணீரும் மிகுந்தது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த முதல் ஆண்டு, செதுக்காமல் வாசலில் வைத்திருந்த ஒரு காயை நவம்பரில் தூக்கி எறிய மனம் வராமல் வேகவைத்து அரைத்துக் குக்கீ சுட்டேன். ஈரத்துணியைக் கடித்தது போல இருந்தது. வீட்டில் ஒருவரும் இரண்டாவது எடுக்கவில்லை. நான் மட்டும் நான்கு நாள், வீம்புக்காக, காபியோடு தின்று தீர்த்தேன்.

தண்ணீர் மிகுந்தால் இந்தக் காய்க்கு வயலிலும் கேடுதான். 2009இல் அறுவடை நேரத்தில் விடாமல் மழை பெய்து, சேற்றில் டிராக்டர் இறங்க முடியாமல் போக, அந்த நவம்பரிலேயே டப்பாப் பூசணிக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. 2015லும் ஜூன் மாத மழை விளைச்சலைக் குறைத்தது. அதனால் இங்குள்ள பழைய ஆட்கள் சிலர் அக்டோபரிலேயே நான்கைந்து டப்பாக்களை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நானும் அவர்களைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

இனி அடுப்புக்கு வருவோம். விழுதில் 120 கிராம், அதாவது அரைக் கப், எடுத்து அகலமான ஒட்டாத வாணலியில் போட்டு, மிதமான தீயில் அல்வா கிளறுவதைப் போலக் கிளறு. முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். ஆவி மட்டும் எழும்பிக்கொண்டிருக்கும். பிறகு நிறம் மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்கு இறங்கும், கரண்டி போன தடம் மூடாமல் அப்படியே நிற்கும், விழுது ஓரத்தை விட்டு விலகி ஒன்றாகச் சுருளும். வேகவைத்த காயின் பச்சை வாடை போய், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் வாசனை வரும்போது நிறுத்து. இப்போது எடை பார்த்தால் 75 கிராம் இருக்க வேண்டும். காகிதத் துண்டில் பரப்பி ஒற்றி எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. தண்ணீர் போகும் என்பது உண்மைதான், ஆனால் இந்த வாசனை அதில் கிடைக்காது. என் வோட்டு வாணலிக்கே.

அடுத்து வெண்ணெய். உப்பில்லாத வெண்ணெய் ஒரு குச்சி, 113 கிராம். அமெரிக்க வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் அதையும் காய்ச்சித்தான் சேர்க்க வேண்டும். இதை உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை, நெய் காய்ச்சுவதேதான். சடசடப்பு அடங்கி, நுரை மேலே வந்து, அடியில் கசண்டு பொன்னிறமாகும் இடத்தில் இறக்கிவிடு. ஒரே ஒரு வேறுபாடு, வடிகட்டாதே. சின்ன வயதில் நாம் சண்டை போட்டு வழித்துத் தின்ற அந்தக் கசண்டில்தான் சுவை முழுவதும் இருக்கிறது. முட்டையில் மஞ்சள்கருவை மட்டும் எடுத்துக்கொள். கணக்குப் போட்டுப் பார்: விழுதிலிருந்து 45 கிராம், வெள்ளைக்கருவை விட்டதால் ஏறக்குறைய 30 கிராம், வெண்ணெயிலிருந்து 18 கிராம் என்று 90 கிராமுக்கு மேல் தண்ணீர் போய்விட்டது. உன் பதினாறு பன்களை உப்பவைத்தது அந்தத் தண்ணீர்தான்.

வெண்ணெய் ஆறியதும் பிரவுன் சுகர் 150 கிராமும் வெள்ளைச் சர்க்கரை 50 கிராமும் சேர்த்துக் கலக்கி, மஞ்சள்கரு, வற்றவைத்த விழுது, ஒரு தேக்கரண்டி வெனிலா ஆகியவற்றைச் சேர். தனியாக மைதா 125 கிராம், ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை மசாலாப் பொடியோடு கலந்து இதில் கொட்டி, மாவு மறையும் வரை மட்டும் கிளறு. மைதாவைக் கப்பால் அள்ளாமல் நிறுத்துப் போடு. அழுத்தி அள்ளினால் ஒரு கப் 150 கிராமையும் தாண்டிவிடும். கடைசியாக ஓட்ஸ் 135 கிராம். முழுதாகத் தட்டையாக்கிய ஓட்ஸ்தான் வேண்டும். சீக்கிரம் வேகும் பொடி ஓட்ஸ் கூழாகிவிடும், உடைத்த ஓட்ஸ் பல்லைப் பதம் பார்க்கும். கலவையை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால், எஞ்சியிருக்கும் ஈரத்தை ஓட்ஸ் குடித்துக்கொள்ளும்.

மசாலாவுக்குப் பம்ப்கின் பை ஸ்பைஸ் என்று தனியாகக் காசு கொடுக்காதே. பட்டைப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்குப் பொடி அரை, ஜாதிக்காய் துருவியது கால், கிராம்புப் பொடி ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். இந்த ஊரார் இலையுதிர் காலத்தின் மணம் என்று உருகுவது பெரும்பாலும் நம் அஞ்சறைப் பெட்டியின் மணத்தைத்தான், பூசணிக்கு அதில் பங்கு மிகக் குறைவு. 2003இல் ஸ்டார்பக்ஸ் கொண்டுவந்த பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே என்ற காபியில் 2015 வரை பூசணியே சேர்க்கப்படவில்லை. ஆனாலும் கிராம்பில் மட்டும் கை நீளாதே. ஒரு சிட்டிகை கூடினாலும் பல்வலிக்கு வைத்த மருந்தாகிவிடும்.

ஓவனை 350 டிகிரி பாரன்ஹீட்டில் நன்றாகச் சூடேற்றிவிட்டு, 35 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இடைவெளி விட்டு வைத்து, உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிடு; எவ்வளவு தண்ணீரை எடுத்தாலும் பூசணிக் குக்கீ தானாக முழுவதும் பரவாது. பதினெட்டு வரும். பன்னிரண்டு நிமிடத்தில் ஓரம் சிவந்து நடுப்பகுதி வேகாதது போலத் தெரியும்போதே வெளியே எடுத்து, தட்டிலேயே பத்து நிமிடம் விட்டுவிடு. அந்தச் சூட்டில் நடுப்பகுதி பதமாகிவிடும். ஆறாமல் டப்பாவில் மூடினால் வெளியேற்றிய தண்ணீர் வேறு வழியில் திரும்பி வந்ததாகிவிடும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மறுநாள் சற்று மிருதுவாகத்தான் இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடு.

பூசணி டப்பாவில் மீதி 305 கிராம் இருக்கும். 120 கிராம் பொட்டலங்கள் இரண்டாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடு. எஞ்சும் இரண்டு மூன்று கரண்டி அன்றைய புளிக்குழம்பில் கரைந்துவிடும். சனிக்கிழமை மறுபடியும் செய்யப்போவதாகச் சொன்னாய். குக்கீயின் படத்தை அனுப்புவதற்கு முன், வற்றவைத்த விழுதைத் தராசில் வைத்து அந்தப் படத்தை அனுப்பு. எண் 80ஐத் தாண்டியிருந்தால், வெண்ணெயைத் தொடாமல் வாணலியை மறுபடி அடுப்பில் ஏற்று.

அன்புடன்,
அண்ணன்
பியோரியா, இல்லினாய்