காந்தி மியூசியம் போகிறோம், பெயர் கொடுங்கள்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். வரும் 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளைகளை மதுரை காந்தி மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறோம்.

அந்தக் கட்டடத்தின் கதையே பெரிது. நாயக்கர் காலத்துத் தமுக்கம் அரண்மனை, ராணி மங்கம்மாள் இருந்த இடம். அப்புறம் வெள்ளைக்கார கலெக்டர்களின் வீடானது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு மியூசியமாகத் திறந்து வைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

1. 9.45-க்கு மியூசியம் வாசலில் விட்டுவிடுங்கள்.
2. தண்ணீர் பாட்டில், நோட்டு, பென்சில். செல்போன் வேண்டாம்.
3. கூட வர 4 பெற்றோர் தேவை. போன தடவை இரண்டே பேர், பாடாய்ப் பட்டோம்.
4. வியாழன் இரவுக்குள் பிள்ளையின் பெயர், வகுப்பு இங்கேயே போடுங்கள். வெறும் கட்டைவிரல் படம் கணக்கில் வராது!